அரைவாசித் தையல்

நான் போடும் கட்டு அவிழாது. நெடுந்தீவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கடலில் இறங்கினாலும் மாட்டுக்குப் பின்னால் ஓடினாலும் வாகீசன் கட்டியதை வாகீசன்தான் அவிழ்க்க வேண்டும் என்று ஒரு பேச்சு உண்டு. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருப்பதை நான் மறைக்கவில்லை. நடந்ததை ஒழுங்காக எழுதித் தரும்படி விசாரணைக் குழுவினர் கேட்டதால் எழுதுகிறேன். இவ்வளவு தூரம் லோஞ்சில் கடல் கடந்து வந்த களைப்பு உங்களுக்கு இருக்கும். ஆறுதலாக வாசியுங்கள்.

செல்லாச்சி ஞாபகார்த்த மருத்துவ நிலையத்தில் திறந்த நாளிலிருந்து வேலை செய்கிறேன். காயத்துக்கு மருந்து கட்டுவது, தையல் பிரிப்பது, கண்ணுக்கும் காதுக்கும் துளி மருந்து விடுவது, வருகிறவர்களின் பெயரைக் கொப்பியில் பதிவது எல்லாம் என் பொறுப்பு. இந்த நிலையத்தை லண்டனில் இருக்கும் தியாகலிங்கம் அண்ணை தன் தாயாரின் பெயரில் கட்டித் தந்தார். கட்டில், அலுமாரி, வாங்கு, தாயாரின் ஆளுயரப் படம் எல்லாம் வந்து சேர்ந்தன. டொக்டர் மட்டும் வந்து சேரவில்லை. இரண்டு வருடத்தில் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் ஒரு மாதம் இருந்தார். ஒருவர் ஒரு கிழமை இருந்தார். மூன்றாமவர் கடல் மோசமாக இருந்த ஒரு நாளில் வந்து, இறங்குதுறையில் கால் வைக்காமலே அதே லோஞ்சில் திரும்பிப் போனார்.

அந்த இரண்டு வருடமும் நெஞ்சு நோவென்று வந்தவர்கள் என் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். எனக்குக் கட்டுப் போட மட்டும்தான் தெரியும். நெஞ்சுக்கு எப்படிக் கட்டுப் போடுவது? அவர்களைப் போர்வையால் சுற்றி லோஞ்சில் ஏற்றிவிட்டு, அக்கரையில் குறிகட்டுவானில் இறங்கும்வரை உயிர் இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு நிற்பேன். எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தை நீங்கள் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

பிறகு டொக்டர் நிலாந்தினி வந்தார். யாழ்ப்பாணத்துக் கொக்குவில் பெண். முப்பது வயது. வந்த அன்றைக்கே, மீன் முள்ளுத் தொண்டையில் சிக்கிய ஒருவரைப் பார்த்து அனுப்பிவிட்டுத்தான் தன் பையைத் திறந்தார். அவர் இங்கேயே தங்கினார். ஏழு மாதம் தங்கியும் அவருக்கு அலுக்கவில்லை. ஊருக்கு ஒரு டொக்டர் இருக்கிறார் என்ற நினைப்பில் நான் இரண்டு கிலோ நிறை கூடினேன்.

அந்த நேரத்தில்தான் மூன்று தீவுகளின் மருத்துவ நிலையங்களும் ஒன்றுசேர்ந்து ஒரு முடிவு எடுத்தன. நாங்கள், புங்குடுதீவுக்காரர், நயினாதீவுக்காரர். மூன்றும் வெளிநாட்டுச் சங்கங்களின் காசில் ஓடுகிறவை. சிகிச்சையின் தரத்தை மூன்று பேரும் ஒரே படிவத்தால் அளப்பது, மாதாமாதம் புள்ளிகளைக் குறிகட்டுவான் இறங்குதுறையில் பெரிய பலகையில் எழுதிச் சனத்துக்குக் காட்டுவது, ஒருவரைப் பார்த்து மற்றவர் திருந்துவது. அந்த எண்ணத்தில் ஒரு பிழையும் இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன். என்னைக் கேட்டால் எல்லாத் திணைக்களங்களும் அப்படி ஒரு பலகை வைக்க வேண்டும்.

படிவத்தில் மூன்று கேள்விகள். எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்? டொக்டர் கை கழுவினாரா? மீண்டும் இங்கு வருவீர்களா? மூன்றாவது கேள்வி தியாகலிங்கம் அண்ணை தந்தது. லண்டனில் அவருக்கு மூன்று பலசரக்குக் கடைகள் இருக்கின்றன. கூட்டத்தில் தொலைபேசி வழியாக விளங்கப்படுத்தினார்.

"திரும்பி வாற சனம்தான் சந்தோசமான சனம். முப்பது வருசமாய்க் கடை நடத்திறன், எனக்குத் தெரியாதே."

ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. பலகைக்கான காசும் அவருடையது.

முதல் மாதம் அறுபத்துநான்கு படிவங்கள் நிரம்பின. காத்திருந்த நேரத்தில் நாங்கள்தான் முதலிடம். கை கழுவுவதிலும் குறையில்லை. சனம் அதைக் கண்காணிக்கத் தொடங்கிவிட்டது. மருந்துக்கு வந்த சின்னக்குட்டி அண்ணை டொக்டருக்குப் பக்கத்தில் நின்று, விரல் இடுக்கில் நுரை போகவில்லை என்று திரும்பக் கழுவ வைத்தார். மூன்றாவது கேள்விக்கு மட்டும் அறுபத்துநான்கு பேரும் 'இல்லை' என்று போட்டிருந்தார்கள்.

எங்கள் ஊர்ப் பழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். எந்த வீட்டிலிருந்து புறப்பட்டாலும் 'போட்டு வாறன்' என்று திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். செத்த வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் மட்டும் சொல்ல மாட்டார்கள். வாயை மூடிக்கொண்டு, திரும்பிப் பாராமல் படலையைத் தாண்டுவார்கள். அப்படிப்பட்ட சனத்திடம் படிவத்தை நீட்டி 'மீண்டும் வருவீர்களா' என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? சுகமாகிப் புறப்பட்ட கிறேசம்மா அக்காவிடம் நான் மன்றாடிப் பார்த்தேன்.

"அக்கா, 'ஓம்' எண்டதிலை ஒரு புள்ளடி போடுங்கோ."

"நான் ஏன் திரும்ப வரோணும்? அந்தோனியாற்றை புண்ணியத்திலை சுகமாய்ப் போறன்."

"சும்மா ஒரு கேள்விதானே."

"உம்மடை வாயாலை இப்பிடிச் சொல்லலாமோ தம்பி? நான் உமக்கு என்ன கெடுதல் செய்தனான்?"

கண் கலங்கிவிட்டார். அடுத்த நாள் டொக்டருக்கென்று பத்து முட்டை கொண்டுவந்தார். படலைக்கு வெளியே வைத்துவிட்டு, உள்ளே காலை வைக்காமல் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போனார். அதை எந்த நிரலில் பதிவது?

நயினாதீவில் அந்தத் தொல்லை இல்லை. அவர்களிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் யாத்திரைக்கு வந்து வெயிலில் மயங்கினவர்கள். அவர்கள் வருடா வருடம் வருகிறவர்கள். சந்தோசமாக 'ஓம்' போட்டார்கள். தொண்ணூற்றொரு வீதம். புங்குடுதீவில் விடுமுறைக்கு வந்த வெளிநாட்டுச் சனம் கேட்ட இடத்தில் புள்ளடி போட்டதும் அல்லாமல், பக்கத்தில் ஐந்து நட்சத்திரமும் கீறிக் கொடுத்தது. எண்பத்தெட்டு வீதம். பலகையில் எங்களுக்கு எழுதியிருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். 'செல்லாச்சி: 0.'

பஸ்ஸால் இறங்குகிறவர்களும் லோஞ்சுக்கு நிற்கிறவர்களும் அதைத்தான் வாசித்தார்கள். நயினாதீவில் என் வேலையைச் செய்யும் நிசாந்தன் என்னைத் தேடி வந்து தோளில் கை வைத்தான்.

"கவலைப்படாதையும் அண்ணை. பூச்சியத்துக்குக் கீழை போக ஏலாதுதானே."

அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. அவன் அன்றைக்கு நீலச் சேட்டு போட்டிருந்தான், பல்லில் கீரை ஒட்டியிருந்தது, நேரம் பத்து இருபது. அவ்வளவுதான் நினைவு.

டொக்டரும் வீட்டுக்குப் போய்த் திரும்பும் வழியில் பலகையைப் பார்த்திருந்தார். வந்தவர் என் முன்னால் கதிரையில் உட்கார்ந்தார்.

"வாகீசன் அண்ணை, அறுபத்துநாலு பேரிலை ஒருத்தருக்குக் கூட என்னைப் பிடிக்கேல்லையோ?"

நான் பழக்கத்தைச் சொன்னேன்.

"அது எனக்கும் தெரியும். அப்பிடிப் பாத்தாலும் ஒரு அஞ்சு பேர் போட்டிருப்பினம். நீங்கள் என்னை ஆறுதல்படுத்திறியள்." மேசையில் கிடந்த படிவங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். "இன்னும் ரெண்டு மாசம் பாப்பன். இப்பிடியே இருந்தால் நான் மாறிப் போறன். சனத்துக்குப் பிடிக்காத இடத்திலை இருந்து வைத்தியம் செய்ய ஏலாது."

அழுதார். எனக்கு அந்தப் பழைய பயம் திரும்பி வந்தது.

அடுத்த கூட்டத்தில் கேள்வியை மாற்றச் சொல்லிக் கேட்டேன். தியாகலிங்கம் அண்ணைக்கும் கோபம். தாயாரின் பெயருக்குப் பக்கத்தில் பூச்சியம் நிற்பதை யாரோ படம் எடுத்து லண்டனுக்கு அனுப்பியிருந்தார்கள். ஆனாலும் மூன்று இடத்தையும் ஒப்பிட வேண்டும் என்பதால் கேள்வியில் ஓர் எழுத்தையும் மாற்ற ஏலாது என்றார். அப்போது நான் ஒரு வழி சொன்னேன். வருவீர்களா என்று கேட்பதோடு, முப்பது நாளுக்குள் உண்மையில் திரும்பி வந்தால் ஒவ்வொரு வருகையையும் ஒரு 'ஓம்' என்று எண்ணலாமே. எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். நிசாந்தனும் கை உயர்த்தினான். அந்த நேரத்தில் என் மனதில் வேறொரு எண்ணமும் இல்லை. கூட்டக் குறிப்பில் இருக்கிறது, பாருங்கள்.

இரண்டாம் மாதம் ஐம்பத்தெட்டுப் பேர் வந்தார்கள். திரும்பி வந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் மறந்துவிட்டுப் போன குடையை எடுக்க வந்தவர். குறை டொக்டரிடம்தான் இருந்தது. அவர் பார்த்தால் ஒரே தடவையில் சுகமாகிவிடுகிறது. சுகமானவன் எதற்காக வருவான்?

இனிப் பரமலிங்கம் அண்ணையின் விசயத்துக்கு வருகிறேன். அவர் மாடு வளர்க்கிறவர். கொம்பு கிழித்ததில் காலில் பத்துத் தையல். தையல் பிரிக்கும் நாளில் நான் ஐந்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது டொக்டர் மற்ற அறையிலிருந்து கூப்பிட்டார். போய்த் திரும்பி வந்து பார்த்தேன். ஐந்து தையல் வெளியே, ஐந்து உள்ளே. மிகவும் அழகாக இருந்தது.

"மிச்சத்தை வியாழக்கிழமை எடுப்பம் அண்ணை" என்றேன்.

"ஓமோம், நீர் சொன்னால் சரி" என்றார்.

வியாழக்கிழமை வந்தார். முகத்தில் ஒரு குறையும் இல்லை. இரண்டைப் பிரித்தேன். ஞாயிற்றுக்கிழமை ஒன்று. வர வர அவருக்கும் அது பழகிவிட்டது. கொப்பியில் அவர் பெயருக்கு எதிரே நான்கு 'ஓம்' விழுந்தது.

கிறேசம்மா அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் பீளை. இடது கண்ணுக்கு இந்தக் கிழமை மருந்து விட்டேன், வலது கண்ணை அடுத்த கிழமைக்கு வைத்தேன். அதற்குள் வலதிலிருந்து இடதுக்குத் திரும்பவும் தொற்றிவிட்டது. அது நான் எதிர்பாராதது, ஆனால் கணக்குக்கு உதவியது. சின்னக்குட்டி அண்ணையின் கைக்குப் போட்ட மாவுக்கட்டை ஒரு பக்கம் மட்டும் வெட்டி அனுப்பினேன். அவர் அதைத் திறந்து மூடி, வெற்றிலையும் தீப்பெட்டியும் வைத்துக்கொண்டு திரிந்தார். காதில் அழுக்கு அடைத்தவர்களுக்கு ஒரு காதை மட்டும் சுத்தம் செய்து, மற்றதற்கு நாள் குறித்தேன். தேவாலயத்தில் அந்த மாதம் முழுவதும் சனம் பாதர் பக்கம் ஒரு காதைத் திருப்பிக்கொண்டே இருந்தது.

குளிசையில் மட்டும் நான் கை வைத்ததே இல்லை. அது பாவம். மருந்தோடு விளையாடுகிற ஆள் நான் இல்லை.

வலி இருந்திருக்குமா என்று நேற்றுக் கேட்டீர்கள். இருந்திருக்கலாம். படிவத்தில் வலியைப் பற்றி எழுத இடம் இல்லை. பரமலிங்கம் அண்ணையின் காலில் விட்டு வைத்த இடம் சீழ் வைத்தது உண்மை. இரண்டு மாதம் மாட்டுக்குப் பின்னால் போக ஏலாமல் இருந்தார். மாடுகள் ஊர்த் தோட்டம் எல்லாம் மேய்ந்தன. அதற்கும் ஒருவரும் எங்களைக் குறை சொல்லவில்லை. 'புது டொக்டர் நல்ல கவனம், ஆளை விடாமல் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பாக்கிறா' என்றுதான் ஊரில் பேச்சு.

மூன்றாம் மாதம் எழுபத்தாறு வீதம். நான்காம் மாதம் நூற்றுப் பன்னிரண்டு வீதம். நூறுக்கு மேலே எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. தியாகலிங்கம் அண்ணை தொலைபேசியில் தன் கடைகளில்கூட அப்படி வந்ததில்லை என்றார். குறிகட்டுவான் பலகையில் செல்லாச்சி முதலாவதாக நின்றது. நிசாந்தன் என்னைக் கண்டு லோஞ்சின் மற்றப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். டொக்டர் ஒரு சைக்கிள் வாங்கினார். அறைக்குப் பூப்போட்ட திரைச்சீலை தைத்தார். திரைச்சீலை தைக்கிற ஆள் போகாது. அன்றைக்கு நான் பயம் இல்லாமல் நித்திரை கொண்டேன்.

ஐந்தாம் மாதக் கூட்டத்தில் புதிய தீர்மானம் ஒன்று நிறைவேறியது. முதலாவதாக வந்த நிலையத்தின் டொக்டர் மற்ற இரண்டு நிலையங்களுக்கும் போய் அங்குள்ளவர்களைப் பழக்க வேண்டும். மூன்று மாதம் புங்குடுதீவு, மூன்று மாதம் நயினாதீவு. அதுவரை நெடுந்தீவுக்கு டொக்டர் இல்லை. நெடுந்தீவுக்காரருக்கு இவ்வளவு நல்ல பெயர் இருக்கும்போது கொஞ்சம் பொறுக்கலாம்தானே என்றார்கள்.

டொக்டர் சிரித்துக்கொண்டு வந்து சொன்னார். "அண்ணை, பூச்சியத்திலை இருந்து நூற்றுப் பன்ரெண்டுக்கு வந்தது எப்பிடியெண்டு எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கட்டாம்."

"என்னத்தைச் சொல்லப் போறியள்?"

"அதுதான் எனக்கும் தெரியேல்லை" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று இன்றுவரை பிடிபடவில்லை. ஊர் முழுக்க அரைவாசி ஆறின காயங்களோடு நிற்கிறது. அதை விட்டுவிட்டு அவர் போவதாம்.

போவதற்கு முதல்நாள் இறங்குதுறையின் மரத் தளத்தில் வெறுங்காலோடு நடந்தபோது டொக்டரின் குதிக்காலில் ஒரு மரச் சிராம்பு ஏறிவிட்டது. என்னிடம்தான் வந்தார். தன் குதிக்காலைத் தானே பார்க்க எந்த டொக்டராலும் ஏலாது. நான் பார்த்தேன். தீக்குச்சி நீளம். முழுவதும் வடிவாகத் தெரிந்தது. பிடித்து இழுத்தால் ஒரே இழுவையில் வந்திருக்கும். கத்தரிக்கோலால் நடுவில் வெட்டி, வெளிப்பக்கத்துத் துண்டை எடுத்து அவருக்குக் காட்டினேன்.

"உங்கடை கை நல்ல கை அண்ணை. நோகவே இல்லை" என்றார்.

நல்ல இறுக்கமாக ஒரு கட்டுப் போட்டு அனுப்பினேன்.

வியாழக்கிழமை நொண்டிக்கொண்டு லோஞ்சால் இறங்கினார். புங்குடுதீவில் ஆட்கள் இருந்தும், முதலில் பார்த்தவரே பார்க்கட்டும் என்று வந்ததாகச் சொன்னார். மீதியில் பாதியை எடுத்தேன். அன்றைக்கு டொக்டர் வந்திருக்கிறாவாம் என்ற கதை பரவி இருபது பேர் கூடிவிட்டார்கள். அவர் காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு, பின்னேர லோஞ்சுவரை அத்தனை பேரையும் பார்த்தார். நெஞ்சு நோவோடு வந்த ஒருவரை அவர்தான் கண்டுபிடித்து உடனே யாழ்ப்பாணம் அனுப்பினார். அந்த மனுசன் இன்றைக்கு உயிரோடு இருக்கிறார். இதை உங்கள் அறிக்கையில் எழுதுவீர்கள் என்று நம்புகிறேன்.

அடுத்த வியாழனும் வந்தார். அதற்கடுத்த வியாழனும் வந்தார். நான்காவது தடவை கால் வீங்கிச் செருப்புப் போட ஏலாமல் இருந்தது. லோஞ்சில் வேலை செய்யும் றொமேஷும் இன்னொரு பெடியனும் கதிரையில் வைத்துத் தூக்கி வந்தார்கள். காய்ச்சலும் காய்ந்தது. இருந்தும் பதினேழு பேரைப் பார்த்தார். நான் துண்டை இன்னும் கொஞ்சம் நறுக்கினேன். அதற்குப் பிறகு நறுக்க அதிகம் மிஞ்சவில்லை என்று எனக்குக் கவலையாகத்தான் இருந்தது.

திரும்பும்போது நோவில் அவரால் இருக்க முடியாமல் போகவே, நயினாதீவுக்கு அழைத்துப்போய் நிசாந்தனைக் கொண்டு பார்ப்பித்திருக்கிறார்கள். அவன் ஒரு நிமிடத்தில் இழுத்து எடுத்துவிட்டான். ஒரு முனை கத்தரிக்கோலால் நேராக வெட்டப்பட்டிருந்ததை அவன்தான் கவனித்தான். நீங்கள் மேசையில் வைத்திருக்கும் சின்னப் போத்தலில் இருப்பது அதுதான். என் வெட்டு என்று ஒப்புக்கொள்கிறேன். பரமலிங்கம் அண்ணையின் தையலும், கிறேசம்மா அக்காவின் கண்ணும், சின்னக்குட்டி அண்ணையின் கையும், ஊரின் அரைவாசிக் காதும் எல்லாம் நான் தெரிந்தே செய்தவை. ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. டொக்டருக்கு ஒன்றும் தெரியாது.

அவர் இப்போது யாழ்ப்பாணத்தில் காலைத் தலையணையில் உயர்த்தி வைத்துப் படுத்திருப்பதாகவும், என் பெயரைக் கேட்டால் சுவர்ப் பக்கம் திரும்புவதாகவும் சொன்னீர்கள். அதைக் கேட்க வருத்தமாக இருந்தது. ஆனால் அவருக்கு இங்கே பிடிக்கவில்லை என்று நீங்கள் எழுதினால் அது பிழையாகும். கொப்பி உங்கள் கையில்தான் இருக்கிறது, கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். நிலாந்தினி, வயது முப்பது, குதிக்கால், மீண்டும் வருகை நான்கு. நான்குக்கும் 'ஓம்' போட்டிருக்கிறேன். ஒருவரும் அவரை வற்புறுத்தவில்லை, தன் விருப்பத்தில் தானாகத்தான் வந்தார்.